சிலப்பதிகாரப் பாத்திரங்களைப் பற்றிப் பிள்ளைகளை எப்பிடி எழுதவைக்கிறது?

விசுவமடு வாசகன்

வணக்கம். எங்கட சனசமூக நிலையத்து வாசகர் வட்டத்தில சனிக்கிழமைகளில உயர்தரப் பிள்ளைகளோட சிலப்பதிகாரம் வாசிக்கிறம். புகார்க் காண்டம் முடிஞ்சு, மதுரைக் காண்டத்தில வழக்குரை காதை (காதை எண்டால் அத்தியாயம்) வரைக்கும் வந்தாச்சு. வாசிக்கிறதில குறை இல்லை. எழுதச் சொன்னால்தான் சிக்கல்.

"கோவலனின் பாத்திரப்பண்பை ஆராய்க" எண்டு குடுத்தால் ரெண்டு விதமான கட்டுரைதான் வருது. ஒண்டு, மங்கல வாழ்த்தில தொடங்கிக் கொலைக்களம் வரைக்கும் கதையைச் சுருக்கி எழுதிப்போட்டு, கடைசிப் பந்தியில "எனவே கோவலன் ஒரு சிறந்த பாத்திரமாவான்" எண்டு முடிக்கிறது. மற்றது, ஈகைக் குணம், கலையார்வம், ஒழுக்கக்கேடு, மனம் திருந்தல் எண்டு தலைப்புப் போட்டு ஒவ்வொண்டுக்கும் கீழ ரெண்டு வரி. பிழையெண்டு சொல்ல ஏலாது. ஆனா பிள்ளை பாட்டை வாசிச்சதுக்கு ஒரு அடையாளமும் இல்லை.

கேட்கிறது இதுதான்: பாத்திரத்தை ஆராயிறதுக்குப் பிள்ளைகளின்ர கையில என்ன முறையைக் குடுக்கலாம்? கருப்பொருள் எண்டு வந்தால் நூலின்ர முகப்புப் பாட்டான பதிகத்தில இருக்கிற மூண்டையும் (அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்று, பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவர், ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும்) அப்பிடியே எழுதிவிட்டால் போதுமா? தெரிஞ்சவை கொஞ்சம் விரிவாச் சொல்லுங்கோ.

நந்திக்கடல்

முதலில் கேள்வியை மாற்றுங்கள். "கோவலனின் பண்பை ஆராய்க" என்றால் பிள்ளைக்குப் பதினாறு காதைகளையும் அள்ளிக்கொண்டு வருவதைத் தவிர வேறு வழி இல்லை. பதிலாக இப்படிக் கேளுங்கள்: "மாதவி கோவலனுக்கு இரண்டு முறை ஓலை அனுப்புகிறாள். முதல் ஓலையை மறுத்தவன் இரண்டாம் ஓலையை ஏன் ஏற்றான்?" கதைச்சுருக்கம் எழுதி இதற்குத் தப்ப முடியாது.

விடைக்கு வேண்டியது இரண்டு இடங்கள் மட்டும். வேனிற் காதையில் தாழை மடலில், பிச்சி அரும்பை எழுத்தாணியாக்கி, செம்பஞ்சுக் குழம்பு தொட்டு மாதவி எழுதுகிறாள். அவளுடைய தோழி வசந்தமாலை அதைக் கூலக்கடைத் தெருவில் வைத்துக் கோவலனிடம் நீட்டுகிறாள். அவன் அவளுடைய அன்பு முழுவதையும் கூத்தாக வகைப்படுத்துகிறான்: கண்கூடு வரி, காண்வரி என்று தொடங்கி எட்டு வரிகள். "ஆடல் மகளே ஆதலின்" இதெல்லாம் அவளுக்குப் பொருந்தும் என்று சொல்லி ஓலையைத் தொடாமல் அனுப்பிவிடுகிறான். அவளுடைய கலையைக் கண்டு மயங்கியவன், இப்போது அதே கலையை அவளுக்கு எதிரான சாட்சியாக எடுக்கிறான்.

புறஞ்சேரி இறுத்த காதையில் மாதவி அனுப்பிய கோசிகன் கொண்டுவரும் ஓலை வேறு. மண் இலச்சினையில் மாதவியின் கூந்தல் பொறித்திருக்கிறது. கூடி வாழ்ந்த காலத்து நெய் வாசம் அதில் இருந்து வருகிறது, "கைவிட லீயான்" என்கிறார் இளங்கோ. வாசிப்பதற்கு முன்பே அவனால் அதைக் கீழே வைக்க முடியவில்லை. உள்ளே இருப்பதும் காதல் வேண்டுகோள் இல்லை. பெற்றோர் பணியையும் விட்டு, குலமகளோடு இரவோடிரவாகப் போவதற்கு நான் செய்த பிழை என்ன என்று ஒரு கேள்வி. வாசித்தவன் "தன்தீ திலள்" என்று தெளிகிறான், "என் தீது" என்று உணர்கிறான். அடுத்து ஒன்று செய்கிறான். பிள்ளைகள் அநேகமாகத் தாண்டிப்போகும் இடம் இது. அந்த ஓலையின் வாசகம் தன் தாய் தந்தையருக்குத் தான் எழுதவேண்டியதற்கும் பொருந்துகிறது என்று கண்டு, அதையே அவர்களிடம் காட்டும்படி கோசிகனிடம் கொடுத்துவிடுகிறான். மாதவி தன்னிடம் கேட்ட மன்னிப்பு, தான் பெற்றோரிடம் கேட்கவேண்டிய மன்னிப்பாக மாறுகிறது. கோவலன் மாறினான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று அந்தக் காதையில் இல்லை.

இனி முறை. கொப்பியில் ஒரு பக்கத்தை நாலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். முதல் நிரலில் பாத்திரம் செய்தது. இரண்டாவதில் தன்னைப் பற்றித் தானே சொன்னது. மூன்றாவதில் மற்றவர் சொன்னது. யார், யாரிடம், எந்த நேரத்தில் என்பதும் சேர்த்து. நாலாவதில் கவிக்கூற்று, அதாவது எந்தப் பாத்திரத்தின் வாயிலும் வைக்காமல் இளங்கோ தாமே சொல்வது. ஒரு பாத்திரத்துக்கு எட்டுப் பத்துப் பதிவு போதும். கட்டுரை எழுதவேண்டிய இடம், இந்த நிரல்கள் ஒன்றோடொன்று முரண்படும் இடம். முரண்பாடு இல்லாத நிரலில் இருந்து பட்டியல்தான் வரும்.

மூன்றாம் நிரலில்தான் வழுக்குவார்கள். கோவலனின் ஈகைக்குச் சான்றாக எல்லாரும் மாடலன் என்ற மறையவன் சொல்வதை எடுப்பார்கள்: யானையின் கையில் அகப்பட்ட முதிய அந்தணனை மீட்டது, கீரியைக் கொன்ற பார்ப்பனியின் குடும்பத்தைச் சேர்த்துவைத்தது, பொய்ச்சான்று சொன்னவனுக்காகப் பூதத்திடம் தன் உயிரைக் கொடுக்க முன்வந்தது. மூன்றும் அடைக்கலக் காதையில், மாடலன் வாயில் மட்டுமே வருகின்றன. நடந்த காலத்தில் நமக்குக் காட்டப்படவில்லை. மாடலன் நண்பன், எதிரே நொந்துபோய் இருப்பவனிடம் பேசுகிறான். "இம்மைச் செய்தன யானறி நல்வினை", ஆகவே இந்தத் துன்பம் முற்பிறப்பின் பயனோ என்று கேட்கத்தான் அந்தப் பட்டியலே வருகிறது. பொய் என்று சொல்லவில்லை. ஏன் இங்கே, கொலைக்களத்துக்கு முந்திய காதையில், இவ்வளவு நற்செயலையும் ஒருங்கே இறக்குகிறார் என்று பிள்ளை ஒரு வசனம் எழுதவேண்டும்.

இன்னொன்று. யானையிடம் இருந்து அந்தணனை மீட்டது மணிமேகலைக்குப் பெயர் சூட்டிப் பொன் தானம் கொடுத்த நாளில். அதாவது மாதவியோடு வாழ்ந்த காலத்தில். "மாதவியோடு இருந்த காலம் கெட்ட கோவலன், கண்ணகியிடம் திரும்பியபின் நல்ல கோவலன்" என்று கோடு கிழிக்கிற கட்டுரை அங்கேயே உடைந்துவிடும்.

கனகராயன்

நிரல் போடுவது நல்லது, ஆனால் கண்ணகிக்கு அது சரிவராது. புகார்க் காண்டம் முழுக்க அவள் பேசுவது விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான். இரண்டாம் நிரல் வெறுமையாக இருக்கும். உடனே பிள்ளை "பொறுமையின் வடிவம்" என்று எழுதும். பிறகு வழக்குரை காதையில் அவள் எரிமலையாகும்போது "திடீர் மாற்றம்" என்று இன்னொரு தலைப்பு. இரண்டும் சேர்ந்து ஒரு பெண்ணாக வராது.

பேச்சு இல்லாத பாத்திரத்துக்கு முகத்தைப் பாருங்கள். கனாத்திறம் உரைத்த காதையில் கோவலன் வீடு திரும்பி, குலம் தந்த பொருளெல்லாம் தொலைத்தேன், வறுமை நாணம் தருகிறது என்கிறான். கண்ணகி "நலங்கேழ் முறுவல் நகைமுகங் காட்டிச் சிலம்புள" என்கிறாள். புன்னகையோடு சிலம்பைத் தருகிறாள் என்று எல்லா உரைநடைச் சுருக்கமும் சொல்லும். நல்லது. ஏழு காதை தள்ளி, கொலைக்களக் காதையில், அடைக்கலம் கொடுத்த ஆயர்குலத்து மாதரியின் வீட்டில் சோறு போட்டு வெற்றிலை கொடுத்தபிறகு அவளே சொல்கிறாள்: உங்கள் தாயும் தந்தையும் வந்தபோது என் துயரை மறைத்துச் சிரித்தேன், அந்த "வாயல் முறுவல்" கண்டு அவர்கள் உள்ளம் வருந்தியது. வாயல் முறுவல் என்றால் மெய்யல்லாத சிரிப்பு.

இப்போது திரும்பப் போய்ச் சிலம்பு கொடுத்த சிரிப்பை வாசிக்கச் சொல்லுங்கள். அது எந்தச் சிரிப்பு? பிள்ளைகள் இரண்டாகப் பிரிவார்கள், பிரிய விடுங்கள். அங்கே கவிஞர் "நலங்கேழ்" என்று தம் வாயால் சொல்கிறார், பொய்ச்சிரிப்பு என்று சொல்லவில்லை என்பது ஒரு பக்கம். வருடக்கணக்காகச் சிரித்து மறைத்துப் பழகியவள் என்பது மறுபக்கம். எந்தப் பக்கம் எழுதினாலும் சரி, இரண்டு இடத்தையும் சேர்த்து வைத்து எழுதினால் புள்ளி.

அதே பேச்சில் இன்னும் இரண்டு உண்டு. அவள் இழந்ததாகச் சொல்வது கணவனின் அணைப்பை அல்ல; அறவோர்க்கு அளித்தலும், அந்தணர் ஓம்பலும், துறவோர்க்கு எதிர்தலும், விருந்து எதிர்கோடலும் "இழந்த என்னை" என்கிறாள். மனைவி என்ற நிலையோடு வரும் உரிமைகளைக் கணக்குச் சொல்கிறாள். மற்றது "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்". கணவன் முகத்துக்கு நேரே, நீர் செய்தது பெரியோர் போற்றாத ஒழுக்கம் என்று சொல்லிவிட்டாள். பாண்டியன் சபையில் "தேரா மன்னா" என்று தொடங்கியவளின் குரல் அங்கிருந்து வந்தது. அதற்கும் முன்னால், சோமகுண்டம் சூரியகுண்டம் துறை மூழ்கிக் காமவேளைத் தொழுவோம் என்று தோழி தேவந்தி அழைத்தபோது "பீடன்று" என்று ஒரே சொல்லில் முடித்தவள். திடீர் மாற்றம் எங்கே இருக்கிறது?

விசுவமடு வாசகன்

ரெண்டு பேருக்கும் நன்றி. ஓலைக் கேள்வியை வாற சனிக்கிழமை குடுக்கிறன்.

ரெண்டு விசயம் இன்னும் இருக்கு. கண்ணகியைப் பற்றி எழுதேக்க சில பிள்ளைகள் "பாண்டியனின்ர மகளாய்ப் பிறந்து கடலில விடப்பட்டவள்" எண்டு எழுதியிருக்குதுகள். வற்றாப்பளைக் கதையும் உள்ள வருது. பிழையெண்டு வெட்டுறதா? அடுத்தது, ஊழ். "எல்லாம் ஊழ்வினை" எண்டு எழுதிவிட்டால் ஆரிலயும் குற்றம் இல்லையெண்டு ஆகுதே, பிறகு பாத்திரத்தை என்னத்துக்கு ஆராயிறது எண்டு ஒரு பிள்ளை கேட்டுது. நல்ல கேள்வி. மறுமொழி என்னட்டை இல்லை.

முள்ளியவளை

வெட்டாதேங்கோ, ஆனா இடம் மாத்தி வைக்கச் சொல்லுங்கோ. பிள்ளை பொய் எழுதேல்லை. அது கேட்டு வளந்த கதை அது. மாங்கனியில பிறந்து, பாண்டியனுக்குக் கேடு வருமெண்டு பேழையில வைச்சுக் கடலில விட்ட கதை, ஈழத்தில வழங்கிற கண்ணகி வழக்குரை, கோவலனார் கதை மரபில வாறது. மீகாமன், வெடியரசன் கடற்சண்டையும் அந்த மரபுதான். இளங்கோவின்ர பாட்டில இது ஒண்டும் இல்லை. அங்க கண்ணகி புகாரில மாநாய்கன் மகள், பன்ரெண்டு வயது. கோவலன் மாசாத்துவான் மகன், பதினாறு வயது. அவ்வளவுதான்.

வற்றாப்பளையில சொல்லிற கதை இன்னொரு படி அங்கால. மதுரையை எரிச்சபிறகு அம்மன் கிழவி வேசத்தில நந்திக்கடல் கரைக்கு வந்து, மாடு மேய்ச்ச பொடியளிட்டைப் பசி எண்டு கேட்டு, விளக்குக்கு எண்ணெய் இல்லாமல் கடல்தண்ணியில விளக்கெரிச்ச கதை. வைகாசிப் பொங்கலுக்கு உப்புநீர் எடுத்து விளக்கெரிக்கிறது அதாலதான். சிலப்பதிகாரத்தில கண்ணகி வைகைக் கரைவழியா மேற்க போய், மலைநாட்டில வேங்கை மரத்தடியில, பதினாலாம் நாள் கோவலனோட வானூர்தி ஏறிவிடுறாள். இலங்கைக்கு வாறேல்லை. இலங்கை வாறது கடைசிக் காதையில: சேரன் எடுத்த கண்ணகி விழாவில "கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தனும்" நிண்டதாச் சொல்லப்படுகுது. அந்த ஒரு வரியைத்தான் பிள்ளை ரெண்டு மரபுக்கும் இடையில பாலமாப் பாவிக்கலாம்.

கட்டுரையில இதை எப்பிடி வைக்கிறதெண்டால்: கேள்வி "சிலப்பதிகாரத்தில் கண்ணகி" எண்டு இருந்தால் உடலில நூலைத் தவிர வேற ஒண்டும் வரப்படாது. தனியா ஒரு பந்தி, "ஈழத்து வழிபாட்டு மரபில்" எண்டு தொடங்கி, ஒப்பிட்டு எழுதலாம். ஒப்பீட்டிலதான் அழகு இருக்கு. மகளாய்ப் பிறந்து தகப்பன்ர நாட்டை அழிக்கிற கதையில எல்லாம் பிறக்கேக்கையே முடிஞ்சுபோச்சு, பாண்டியன் என்ன செய்தாலும் தப்பேலாது. இளங்கோவின்ர பாண்டியன் அப்பிடி இல்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தால் தப்பியிருப்பான். எங்கட பக்கத்துக் கோவலன் கூத்துப் பாத்த பிள்ளைக்கு இந்த வித்தியாசம் சட்டெண்டு விளங்கும்.

பாலியாறு

முள்ளியவளை கடைசியில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஊழுக்கு வருகிறேன்.

ஊழைப் பற்றி யார் யார் பேசுகிறார்கள் என்று முதலில் பிரிக்கவேண்டும். பாத்திரங்கள் பேசுவது ஒரு வகை. மாடலன் ஆறுதலுக்குச் சொல்கிறான். மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி கட்டுரை காதையில், எல்லாம் முடிந்தபிறகு, கண்ணகியைத் தணிக்கச் சொல்கிறது. இன்னொரு வகை, இளங்கோ தம் குரலிலேயே வினையைக் கொண்டுவருவது. பிள்ளைகள் இந்த இரண்டாம் வகையில் மூன்று இடங்களைக் குறித்தால் போதும்.

ஒன்று, கானல்வரியின் முடிவு. மாதவி பாடினாள், கோவலன் அவள் வேறொருவன்மேல் மனம் வைத்துப் பாடியதாக எடுத்தான், "யாழிசைமேல் வைத்துத்தன் ஊழ்வினைவந் துருத்ததாகலின்" பிரிந்தான். இரண்டு, கனாத்திறம் உரைத்த காதையின் முடிவு. சிலம்பு கிடைத்ததும் "வினைகடைக் கூட்ட" விடியுமுன் புறப்பட்டான். மூன்று, கொலைக்களக் காதை. பொற்கொல்லன் சொன்னதும், "வினைவிளை கால மாதலின் யாவதும் சினையலர் வேம்பன் தேரா னாகி" காவலரைக் கூப்பிட்டு, கையில் சிலம்பு இருந்தால் கொன்று கொண்டுவா என்றான்.

அந்த வினை என்ற சொற்களை விரலால் மறைத்துவிட்டு அந்தந்த இடத்தை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். மனிதக் காரணம் ஒவ்வொரு இடத்திலும் முழுதாக நிற்கும். கோவலன் மாதவியிடம் "யாரைப் பற்றிப் பாடினாய்" என்று கேட்கவில்லை. அவன் பாடியதும் அப்படிப்பட்ட பாட்டுத்தான் என்பதையும் நினைக்கவில்லை. பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அரசன் ஊடல் கொண்ட தேவியைத் தேடிப் போகிற அவசரத்தில், நின்று விசாரிக்கவில்லை. மூன்று இடத்திலும் செய்த பிழை ஒன்றுதான்: கேளாமல் தீர்த்தது. வினை எங்கே வருகிறதோ அங்கே விசாரணை இல்லை. இதைக் கண்டுபிடித்த பிள்ளைக்கு "ஊழா, மனிதனா" என்ற பட்டிமன்றம் தேவைப்படாது. ஊழ் உள்ளே வருவதற்கு வாசலைத் திறந்துவிடுவது ஒரு மனிதனின் அவசரம் என்று எழுதிக்கொண்டு போகலாம்.

மறுப்பும் எழுதவேண்டும், இல்லாவிட்டால் அது ஆய்வு ஆகாது. கண்ணகி, கோவலன், கோப்பெருந்தேவி மூவரும் தீக்கனாக் காண்கிறார்கள். கனா முன்கூட்டியே வருவதால் நடக்கப்போவது எழுதப்பட்டுவிட்டது என்று வாதிடலாம். வலுவான வாதம். அதற்கு எதிராக மதுராபதி சொல்லும் முற்பிறப்புக் கதையை உன்னிப்பாகப் பாருங்கள். சிங்கபுரத்துக்கு நகை விற்க வந்த வணிகன் சங்கமனைப் பரதன் என்பவன் ஒற்றன் என்று அரசனுக்குக் காட்டிக்கொடுத்துக் கொல்லுவிக்கிறான். அந்தப் பரதன்தான் கோவலன். ஊழ் என்று சொல்லப்படும் கதையே, விசாரியாமல் ஒரு வணிகனைக் கொன்ற கதை! அதே குற்றம் திரும்ப நடக்கிறது. ஆகப் பழைய பிறப்புக்குப் போனாலும் நூல் அரசனின் விசாரணையைத்தான் சுற்றுகிறது.

கேட்டபிறகு கண்ணகி சமாதானம் அடைந்தாளா என்பதும் முக்கியம். கொற்றவை வாசலில் வளையலை உடைத்து, "கீழ்த்திசை வாயிற் கணவனொடு புகுந்தேன், மேற்றிசை வாயில் வறியேன் பெயர்கு" என்று போகிறாள். விளக்கம் கிடைத்தது, துக்கம் குறையவில்லை.

பதிகத்தின் மூன்று வரியையும் கருப்பொருள் என்று அப்படியே எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். தொடங்கலாம், முடிக்கக்கூடாது. பதிகம் இளங்கோ பாடியதல்ல, பிற்சேர்க்கை என்று கருதும் ஆய்வாளர் இருக்கிறார்கள். இளங்கோவே பாடியிருந்தாலும் அது நூலின் வாக்குறுதி. நூல் அதைக் காப்பாற்றியதா என்று பார்ப்பதுதான் கட்டுரையின் வேலை.

நந்திக்கடல்

பாலியாறு சொன்னதை ஒரு பந்தியாக எப்படி இறக்குவது என்று காட்டுகிறேன். வழமையாக வருவது இது:

"பாண்டியன் நெடுஞ்செழியன் நீதி தவறிய மன்னன் ஆவான். அவன் ஆராயாமல் கோவலனைக் கொன்றான். பின்னர் தன் தவறை உணர்ந்து உயிர்விட்டான். இதனால் அவன் நீதியை மதிப்பவன் என்பதும் புலப்படுகிறது."

முதல் வசனமும் கடைசி வசனமும் மோதுகின்றன, எழுதியவருக்கு அது தெரியவில்லை. திருத்தினால்:

"பொற்கொல்லன் வந்தபோது பாண்டியன் சான்று எதுவும் கேட்கவில்லை, கண்ணகி வந்தபோது சான்றைத் தானே எடுத்துக் கொடுக்கிறான். 'கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று' என்று முதலில் தன் ஆணையைக் காத்தவன், அவள் தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றதும் 'யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே' என்கிறான். அந்த விடையோடு அவன் உயிர் அந்த உடைபடும் சிலம்பில் தங்கிவிட்டது. மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. ஒரே மனிதன் அந்தப்புர வாசலில் நீதிபதியாகத் தோற்று, சபையில் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும்போது நீதிபதியாக வெல்கிறான். 'யானோ அரசன் யானே கள்வன்' என்பது அவன் வழங்கிய கடைசித் தீர்ப்பு."

கவனியுங்கள்: ஒரு பந்திக்கு ஒரு கருத்து, மேற்கோள் அரை அடி அல்லது ஓர் அடி, அந்த அடி எந்த நொடியில் சொல்லப்பட்டது என்பதும் கூடவே. நாலைந்து அடிகளை அப்படியே இறக்கி "என்ற பாடல் மூலம் அறியலாம்" என்று விடுவது இடத்தை நிரப்பும், வேறொன்றும் செய்யாது. அறுநூறு சொல் கட்டுரை என்றால் இப்படி நாலு பந்தி, அதில் ஒன்று மறுப்புக்கு. முன்னுரையில் இளங்கோவின் வரலாறும் ஐம்பெருங்காப்பியப் பட்டியலும் வேண்டாம். சோதனைத்தாளில் அதற்கு யாரும் புள்ளி வைத்திருக்கமாட்டார்கள்.

"வளர்த்து" எழுதத் தெரிந்த பிள்ளைக்கு இன்னொரு இடம்: கொலைக்களக் காதையில் காவலர் தயங்குகிறார்கள், இவன் கள்வன் போலத் தெரியவில்லை என்கிறார்கள். பொற்கொல்லன் கள்வரின் எட்டுத் துணைகளை (மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி) விளக்கி அவர்களை மடக்குகிறான். கடைசியில் வாளை வீசுபவன் "கல்லாக் களிமகன்" ஒருவன். அரண்மனையில் நடக்காத விசாரணை தெருவில் அரைகுறையாக நடந்து, குடிகாரன் ஒருவனின் கையில் முடிகிறது. பொற்கொல்லனைப் பற்றி எழுதுபவர்கள் "வஞ்சகன்" என்பதோடு நிற்காமல், அவன் எவ்வளவு நன்றாகப் பேசுகிறான் என்று எழுதவேண்டும்.

உரை பற்றி ஒரு வார்த்தை. 1892இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தபோது சேர்த்தவை அரும்பதவுரையும் (கடினமான சொற்களுக்குப் பொருள் சொல்லும் பழைய உரை) அடியார்க்கு நல்லார் உரையும். அடியார்க்கு நல்லார் உரை ஊர்சூழ் வரியோடு நின்றுவிடுகிறது, நடுவே கானல்வரிக்கும் இல்லை. ஆகவே வழக்குரை காதைக்கு "அடியார்க்கு நல்லார் கூறுவார்" என்று எழுதிய கட்டுரையைக் கண்டால் எங்கிருந்தோ பார்த்து எழுதியது என்று தெரிந்துகொள்ளலாம். முழு நூலுக்கும் ந. மு. வேங்கடசாமி நாட்டார் உரை உண்டு, பிள்ளைகளுக்கு அது போதும்.

விசுவமடு வாசகன்

நல்லது சேர். கடைசியா ஒண்டு: வஞ்சிக் காண்டத்தை வாசிக்க நேரம் காணாது. கண்ணகி தெய்வமானாள் எண்டு சொல்லிவிட்டு விடலாமோ?

பாலியாறு

விடாதீர்கள், ஆனால் ஏழு காதையும் வேண்டாம். வடக்கே படை நடத்திக் கனகவிசயர் தலையில் கல் ஏற்றிவந்த பகுதியைச் சுருக்கிச் சொல்லலாம், பாத்திர ஆய்வுக்கு அது அதிகம் தராது. மூன்று இடம் மட்டும் வாசியுங்கள். காட்சிக் காதையில் செங்குட்டுவன், வினை வளைத்த கோலைப் பாண்டியனின் உயிர் நிமிர்த்திச் செங்கோல் ஆக்கியது என்று சொல்லும் இடம். சபைக்கு வெளியே இன்னோர் அரசன் தரும் தீர்ப்பு அது. நீர்ப்படைக் காதையில் மாதவி துறவு பூண்ட செய்தி. அவளை மயக்குகாரி என்று எழுதும் பிள்ளைக்கு. பிறகு வாழ்த்துக் காதையில் கண்ணகியே தெய்வமாக நின்று "தென்னவன் தீதிலன்", "நான் அவன் தன்மகள்" என்று சொல்வது.

மூன்றும் சேர்ந்து ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும். கடைசியாகச் சொன்னதை விவாதத்துக்கு விடுங்கள். மதுரையை எரித்தவள் அந்த அரசனைத் தீதிலன் என்கிறாள். அவன் உயிரைக் கொடுத்துக் கடன் தீர்த்தான் என்பதாலா, தெய்வமான பிறகு கோபம் இல்லை என்பதாலா, வஞ்சிக் காண்டமே வேறு மனநிலையில் எழுந்தது என்பதாலா? மூன்றுக்கும் நூலில் பிடி இருக்கிறது. பிள்ளை எதைப் பிடித்தாலும் அடியைக் காட்டச் சொல்லுங்கள்.

முள்ளியவளை

"நான் அவன் தன்மகள்" எண்டதை வாசிக்கேக்க மாங்கனிக் கதை எழுதின பிள்ளைகள் துள்ளிக் குதிப்பினம், "பாத்தியளே சேர், மகள்தானே" எண்டு. சிலம்பில அது பிறப்பில மகள் இல்லை, தெய்வமாகி நிண்டு சொல்லிற உறவு. அந்த அடியிலயிருந்து எங்கட கதை கிளைச்சிருக்குமோ எண்டு கேட்டால் கேள்வியாவே விடுங்கோ, முடிவா எழுத விடாதேங்கோ.